சேறும் அழுத்தமும்: எண்ணெய்க் கிணறு பற்றிய வாசகர் கேள்விகள்

எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் எவ்வாறு துளையிடப்படுகின்றன என்பது குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே பொருளைத் தொட்டவற்றை இணைத்திருக்கிறோம். துளையிடு பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நமது பத்தியாளர் பதில் அளிக்கிறார்.

எங்கள் பக்கம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தால், ஒரே நாளில் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டுப் போய்விடுகிறது. எண்ணெய்க் கிணற்றுக்கு மட்டும் மாதக்கணக்கில் ஆவது ஏன்? அவ்வளவு பெரிய கோபுரம் எதற்கு? – வாசகர், தருமபுரி

திருச்செங்கோட்டு வண்டிகளின் வேகத்தைப் பார்த்து நானும் வியந்திருக்கிறேன். ஆனால் அவற்றின் வேலை வேறு. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று குழாயின் நுனியிலுள்ள சுத்தியலை இயக்கிப் பாறையை நொறுக்குகிறது. அதே காற்றுதான் பாறைத் தூளையும் மேலே ஊதித் தள்ளுகிறது. உங்கள் பகுதியில் மேல்மண்ணைத் தாண்டிவிட்டால் கீழே கெட்டியான பாறை என்பதால், துளையின் சுவர் தானாகவே நிற்கும். பாறை வெடிப்புகளில் இருக்கும் தண்ணீரும் துளைக்குள் ஓரளவு ஏறி நிற்குமே தவிர, வாய்வழியே பீறிட்டு அடிக்காது. துளை வெறும் காற்றோடு திறந்து கிடந்தாலும் யாருக்கும் அதனால் ஆபத்து இல்லை. குழந்தைகள் விழுந்துவிடாமல் மூடிவைத்தால் போதும்.

எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற படிவுப் பாறைகளின் நுண்துளைகளில் அடைபட்டிருக்கின்றன. அந்த நுண்துளைகளில் உள்ள திரவம் சும்மா இருப்பதில்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும் என்ற பள்ளிக் கணக்கின்படி பார்த்தாலே, 3,000 மீட்டர் ஆழத்தில் உள்ள உப்புநீரின் அழுத்தம் 315 கிலோ அளவுக்கு வந்துவிடும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 கிலோவுக்குச் சற்றே அதிகம் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அளவு புரியும். இத்தகைய அடுக்கு ஒன்றை வெறும் துளையால் குத்திவிட்டால், அதிலுள்ளது அனைத்தும் துளை வழியே மேலே பாயும். எனவே எண்ணெய்க் கிணற்றில் பாறையை உடைப்பது சிறிய வேலை. உடைக்கும் ஒவ்வொரு கணமும் அந்த அழுத்தத்தைச் சமன்செய்தபடி இருப்பதே பெரிய வேலை. நாள்களில் கணிசமான பகுதி, பாறையை உடைக்கும் நுனிக்கருவியான பிட் பாறையைத் தொடாமலே கழிகிறது. தேய்ந்த பிட்டை மாற்றக் குழாய்களை எல்லாம் வெளியே இழுக்க வேண்டும். துளையின் சுவரை மறைத்துத் தாங்கும் உறைக்குழாய் இறக்க வேண்டும். சிமென்ட் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

கோபுரத்தின் உயரத்துக்கும் காரணம், பிட்டைத் தாங்கும் குழாய்கள்தான். ஒரு டிரில் பைப்பின் நீளம் சுமார் 9 மீட்டர். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினால் பொழுது போதாது என்பதால், மூன்று மூன்றாகச் சேர்த்து 28 மீட்டர் நீளத் துண்டுகளாகக் கழற்றிக் கோபுரத்துக்குள்ளேயே சாய்த்து நிறுத்துகிறார்கள். 5 அங்குல டிரில் பைப் 3,000 மீட்டர் என்றால் அதன் எடை மட்டுமே 90 டன்னை நெருங்கும். அதைத் தூக்கும் வலுவும் கோபுரத்துக்கு வேண்டும்.

அமெரிக்காவின் டைட்டஸ்வில்லில் 1859இல் எட்வின் டிரேக் தோண்டிய கிணறு சுமார் 21 மீட்டர் ஆழமே. அவர் மண் சரியாமல் இருக்க இரும்புக் குழாயைப் பாறை வரைக்கும் அடித்து இறக்கி, அதனுள்ளே உளியை ஏற்றி இறக்கித் துளையிட்டார். எண்ணெய் அமைதியாக மேலே ஏறி நின்றது. பம்ப் வைத்து இறைத்தார்கள். அந்த அமைதியை நம்பித் தொழில் வளர்ந்தது. 1901 ஜனவரியில் டெக்சாசின் ஸ்பிண்டில்டாப்பில் சுழல்முறையில் துளையிட்ட கிணறு ஒன்று குழாய்களையே வெளியே தூக்கி எறிந்து பீறிட்டது. அதை அடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. அன்று அதைக் கொண்டாடினார்கள். இன்று அதற்குப் பெயர் விபத்து.

துளையிடும்போது தண்ணீரைப் பயன்படுத்தாமல் சேற்றைப் பயன்படுத்துவது ஏன்? அதில் என்ன கலக்கிறார்கள்? – பாலிடெக்னிக் மாணவி, திருச்சி

துளையிடு சேறு, தொழிலில் இருப்போர் சொல்வதுபோல 'மட்', டிரில் பைப்பின் உள்ளே பம்ப் மூலம் இறங்கி, பிட்டின் சிறு துவாரங்கள் வழியே சீறி வெளிவந்து, குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளி வழியே பாறைத் துகள்களைச் சுமந்துகொண்டு மேலே வருகிறது. மேலே ஷேல் ஷேக்கர் என்னும் அதிரும் சல்லடையில் துகள்கள் பிரிய, சேறு தொட்டிக்குத் திரும்பி மறுபடியும் உள்ளே போகிறது. துகள்களை வெளியேற்றுவதும், பிட்டைக் குளிர்விப்பதும், துளைச் சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து சேறு பாறைக்குள் கசிந்து போகாமல் தடுப்பதும் அதன் வேலைகள். பம்ப் நின்றாலும் துகள்கள் அடியில் போய்ப் படிந்து குழாயைச் சிறைப்பிடிக்காதவாறு, அசையாமல் நிற்கும்போது கூழாக இறுகி, மீண்டும் அசைத்தால் இளகும் தன்மையும் அதற்கு வேண்டும். பென்டோனைட் என்னும் களிமண் இந்தத் தன்மையைத் தருகிறது. நமக்கு அது கட்ச் பகுதியிலிருந்து கிடைக்கிறது.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது சேற்றின் எடை. சேற்றுத் தம்பம் துளையின் அடியில் தரும் அழுத்தம், பாறையின் நுண்துளைகளில் உள்ள திரவத்தின் அழுத்தத்தைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். குறைந்தால் பாறையிலிருந்து திரவம் துளைக்குள் வரும். அதற்காகக் கண்டபடி கூட்டிவிடவும் முடியாது. ஓர் அளவைத் தாண்டினால் பாறை விரிசல் விட்டு, சேறு முழுவதும் அதற்குள் போய்விடும். போனால் தம்பத்தின் உயரம் குறையும், அழுத்தமும் குறையும், வேறோர் அடுக்கிலிருந்து எரிவாயு வரத் தொடங்கும். துளையிடு பொறியியல் முழுவதும் இவ்விரு எல்லைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது என்று சொன்னால் அது மிகை ஆகாது.

சேற்றின் எடையைக் கூட்டப் பயன்படுவது பேரைட் என்னும் தாதுப்பொடி. தண்ணீரைப்போல நாலே கால் மடங்கு அடர்த்தி உடையது. ஆந்திராவின் மங்கம்பேட்டையில் உள்ள படிவு உலகின் பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று. தேர்வுக்காக ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மீட்டரில் ஆழத்தைச் சேற்றின் அடர்த்தியால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் அடிமட்ட அழுத்தம் கிலோக் கணக்கில் கிடைக்கும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், அடர்த்தி 1.10 உள்ள சேறு 3,000 மீட்டரில் 330 கிலோ. இதில் ஆழம் என்பது செங்குத்து ஆழம். துளை வளைந்து எவ்வளவு நீளம் போனாலும் அந்த நீளத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாணவர்கள் தவறு செய்யும் இடம் இதுதான்.

பிட்டைப் பாறையில் அழுத்துவது கோபுரமா? – வாசகர், விருத்தாசலம்

இல்லை. கோபுரம் எப்போதும் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பிட்டுக்கு மேலே டிரில் காலர் என்னும் தடித்த சுவருடைய கனமான குழாய்களைப் பொருத்துகிறார்கள். அவற்றின் எடையில் ஒரு பகுதியை மட்டும் பிட்டின்மேல் உட்காரவைத்து, மீதியையும் டிரில் பைப் முழுவதையும் கோபுரம் தாங்குகிறது. டிரில் பைப்பை மேலிருந்து அழுத்தினால், அத்தனை நீளத்துக்கு அது துவண்டு நெளிந்து முறிந்துவிடும். துளையிடலை இயக்கும் டிரில்லர் பார்க்கும் எடைமானியில் தொங்கும் எடை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு பிட்டின்மேல் இருக்கிறது என்று பொருள்.

படங்களில் கிணற்றின் குழாய் மேலே அகன்றும் கீழே போகப்போகக் குறுகியும் இருக்கிறது. ஒரே அளவுக் குழாயை ஒரே தடவையாக இறக்கினால் செலவு குறையாதா? – பள்ளி ஆசிரியர், சிதம்பரம்

குறையும், முடிந்தால் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். முடியாமல் போவதற்குக் காரணம், மேலே சொன்ன இரண்டு எல்லைகளும் ஆழத்துக்கு ஆழம் மாறுவதே.

பொதுவாக நுண்துளைகளில் உள்ள நீர், அடுக்குக்கு அடுக்கு ஏதேனும் ஒரு வழியில் மேற்பரப்போடு தொடர்பில் இருக்கும். அதனால் அதன் அழுத்தம் உப்புநீர்த் தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும். ஆனால் ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய படுகைகளில் களிமண் மிக விரைவாகப் படிந்து புதைந்திருந்தால், மேலே ஏறிய மண்ணின் பாரத்தால் பிழியப்பட்ட நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பாறை சுமக்க வேண்டிய பாரத்தில் ஒரு பங்கை அந்த நீர் சுமப்பதால், அதன் அழுத்தம் அந்த ஆழத்துக்கு இயல்பாக இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாகிவிடுகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1,500 மீட்டரில் உள்ள பாறை, சேற்றின் அடர்த்தி 1.60ஐத் தாண்டினால் விரிசல் விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,500 மீட்டரில் உள்ள மிகையழுத்த அடுக்கை அடக்க 1.75 அடர்த்தி தேவை. 1.75 சேற்றை நிரப்பினால் மேலே பாறை உடையும்; 1.60க்குள் நிறுத்தினால் கீழேயிருந்து எரிவாயு வரும். இரண்டையும் ஒரே திறந்த துளையில் வைத்திருக்க வழியே இல்லை. எனவே, வலுக்குறைந்த பாறையைத் தாண்டி வலுவான அடுக்கு ஒன்றில் கால் ஊன்றும் வரை துளையிட்டு, அங்கே நிறுத்தி, எஃகு உறைக்குழாயை இறக்கி, சிமென்டால் பூசி அந்தப் பகுதியை மறைத்துவிட்டு, அதன் பிறகே கனமான சேற்றோடு கீழே போக வேண்டும். அடுத்த பிட் இறக்கிய குழாயின் உள்ளே புகுந்துதான் போக முடியும் என்பதால் துளை ஒவ்வொரு கட்டத்திலும் குறுகுகிறது. பலரும் பின்பற்றும் வரிசையில், 26 அங்குலத் துளையில் 20 அங்குல உறைக்குழாய், அதன்கீழ் பதினேழரை அங்குலத் துளையில் 13⅜, பன்னிரண்டேகால் அங்குலத் துளையில் 9⅝, எட்டரை அங்குலத் துளையில் 7 என்று போகும். இந்த வரைவை மேலிருந்து கீழாகப் போடுவதில்லை. எண்ணெய் எடுக்க அடியில் எவ்வளவு அகலமான குழாய் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கிக் கீழிருந்து மேலாகப் போடுகிறார்கள்.

சிமென்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் வெளியார் யாரும் இதைப்பற்றிக் கேட்பதில்லை. கிணறுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் கருத்து. சுமார் 1.90 அடர்த்தியுள்ள சிமென்ட் கூழை உறைக்குழாயின் உள்ளே பம்ப் செய்து, அதன் பின்னால் ரப்பர் அடைப்பான் ஒன்றை விட்டு, அதைச் சேற்றால் தள்ளுகிறார்கள். கூழ் குழாயின் அடிவாய் வழியே வெளியேறி, வெளிப்புற இடைவெளியில் மேல்நோக்கி ஏறுகிறது. அடைப்பான் குழாயின் அடிப்பகுதியிலுள்ள வளையத்தில் போய் உட்காரும் கணத்தில் பம்ப் அழுத்தம் சட்டென்று ஏறும். கணக்கிட்ட கொள்ளளவில் அது ஏறியதா என்று எல்லோரும் மானியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உறைக்குழாய் துளையின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், குறுகிய பக்கத்தில் பழைய சேறு அப்படியே தங்கிவிடும். சிமென்ட் அகன்ற பக்கமாகவே ஏறிப் போய்விடும். பிறகு எரிவாயுவுக்கு அந்தச் சேற்றுக் கீற்றே பாதை. குழாயை நடுவில் நிறுத்துவதற்கென்றே வில்போன்ற பட்டைகளைக் கொண்ட சென்ட்ரலைசர்களை மாட்டுகிறார்கள்.

கிணறு பீறிடுவதற்கு முன்னால் அறிகுறி ஏதும் தெரியாதா? தெரிந்தால் என்ன செய்வார்கள்? – வாசகர், காக்கிநாடாவிலிருந்து

தெரியும். பீறிடுதல் திடீரென்று நடப்பதே இல்லை என்றுகூடச் சொல்வேன். பாறையிலிருந்து திரவம் துளைக்குள் நுழைவதற்குக் 'கிக்' என்று பெயர். அடியில் ஒரு கன மீட்டர் எரிவாயு நுழைந்தால், ஒரு கன மீட்டர் சேறு மேலே கூடுதலாக வெளியே வந்தே தீரும். சேற்றுத் தொட்டியின் மட்டம் ஏறும். உள்ளே பம்ப் செய்வதைவிட வெளியே வரும் ஓட்டம் அதிகமாக இருக்கும். அதற்கும் முன்னதாக, பிட் திடீரென்று வேகமாக இறங்கியிருக்கலாம். சந்தேகம் வந்தால் டிரில்லர் பம்பை நிறுத்திவிட்டுக் கிணற்றைப் பார்க்கிறார். பம்ப் நின்ற பிறகும் சேறு வழிந்துகொண்டிருந்தால், மேலதிகாரியைக் கேட்டுக்கொண்டிருக்காமல் கிணற்றை மூட அவருக்கு அதிகாரம் உண்டு. மூட வேண்டியது அவர் கடமையும் ஆகும்.

மூடிய பின் டிரில் பைப்பின் மேலுள்ள மானி 15 கிலோ காட்டுகிறது என்று கொள்வோம். டிரில் பைப்பினுள் இருப்பது நமக்குத் தெரிந்த 1.10 அடர்த்திச் சேறு மட்டுமே. வெளிப்புற இடைவெளியில் உள்ளதோ எரிவாயு கலந்த சேறு, அதன் எடை யாருக்கும் தெரியாது. அதனால்தான் கணக்குக்கு உள்மானியை நம்புகிறோம். 3,000 மீட்டரில் சேறு தருவது 330 கிலோ. மானியில் மீதி 15. ஆக அடுக்கின் அழுத்தம் 345. இதைச் சேறே தனியாகத் தாங்க வேண்டுமானால் அதன் அடர்த்தி 1.15 ஆக வேண்டும். ஒரு கன மீட்டர் சேற்றுக்கு ஏறத்தாழ 70 கிலோ பேரைட் சேர்த்தால் போதும். 0.05 என்ற சிறிய வேறுபாடுதான். தொட்டிகளிலும் கிணற்றிலுமாக 150 கன மீட்டர் சேறு இருந்தால் பத்து டன்னுக்கு மேல் மூட்டை பிரிக்க வேண்டியிருக்கும்.

மூடிவிட்டுச் சும்மா இருந்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. எரிவாயு சேற்றைவிட இலேசு. மூடிய கிணற்றிலும் அது மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கும். விரிய இடமில்லாததால் அடியில் இருந்த 345 கிலோ அழுத்தத்தையும் ஏறத்தாழ அப்படியே தன்னோடு கொண்டுவரும். முன்பு சொன்ன 1,500 மீட்டர்ப் பாறையில்தான் உறைக்குழாய் முடிகிறது என்றால், அது தாங்குவது 240 கிலோ. அதில் 165 ஏற்கெனவே சேற்றின் பாரம். வெளிப்புற இடைவெளியின் அழுத்தத்தைக் காட்டும் மானி 75ஐத் தொடுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். மாறாக, வாயைத் திறந்துவிட்டால் பாயில் விதிப்படி அந்த ஒரு கன மீட்டர் வாயு மேலே வருவதற்குள் சுமார் 300 கன மீட்டராக விரிந்து, சேற்றையெல்லாம் வெளியே தள்ளிவிடும். சரியான வழி இரண்டுக்கும் நடுவில் உள்ளது. சோக் என்னும் சுருக்கு வால்வைச் சிறுகச் சிறுகத் திறந்து, அடிமட்ட அழுத்தம் எப்போதும் 345க்குச் சற்றே மேலிருக்குமாறு பார்த்துக்கொண்டு, வாயு விரிவதற்கு இடம்கொடுத்தபடியே அதை வெளியேற்றி, பின் கனமான சேற்றை நிரப்புகிறார்கள். இதைச் செய்யத் தெரியும் என்ற சான்றிதழ் இல்லாதவரை டிரில்லர் இருக்கையில் உட்கார விடுவதில்லை. சான்றிதழையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி தேர்வெழுதிப் புதுப்பிக்க வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். துளையிடும்போது வரும் கிக்கைவிட, குழாயை வெளியே இழுக்கும்போது வருவதுதான் பலரை ஏமாற்றியிருக்கிறது. 28 மீட்டர் நீளத்தில் 5 அங்குலக் குழாயை வெளியே எடுத்தால், அதன் எஃகு அடைத்திருந்த இடம் காலியாகிச் சேற்றின் மட்டம் இறங்கும். அதை நிரப்பச் சுமார் 110 லிட்டர் சேறு ஊற்ற வேண்டும். இதற்கென்றே சிறிய தொட்டி ஒன்றை வைத்து, ஒவ்வொரு ஐந்து துண்டுக்கும் 550 லிட்டர் போயிற்றா என்று தாளில் எழுதுகிறார்கள். 300 லிட்டரிலேயே நிரம்பிவிட்டால் மீதி 250 லிட்டர் இடத்தை வேறு ஏதோ நிரப்பியிருக்கிறது. வேகமாக இழுக்கும்போது பிட் பிஸ்டன்போல உறிஞ்சி அடுக்கிலிருந்து வாயுவை இழுத்துவிடும். இரவு மூன்று மணிக்கு அந்தத் தாளில் எழுதும் எண்ணை அளந்து எழுதுகிறார்களா, முந்தைய வரியைப் பார்த்து எழுதுகிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் பல கிணறுகளின் விதி அமைகிறது.

பிஓபி என்ற கருவி இருக்கும்போது பாசர்லபூடி, மெக்சிகோ வளைகுடா போன்ற விபத்துகள் எப்படி நடக்கின்றன? – வாசகர், சென்னை

பிஓபி என்பது கிணற்றின் வாயில் அடுக்கடுக்காகப் பொருத்தப்படும் ராட்சத வால்வுத் தொகுதி. குழாயைச் சுற்றி இறுக்கும் ரப்பர் வளையம், குழாயை இரு பக்கமும் கவ்வும் தாடைகள், குழாய் இல்லாதபோது துளையை முழுதாக மூடும் தாடைகள், கடைசி வழியாகக் குழாயையே வெட்டி மூடும் தாடைகள் என்று அதில் பல உண்டு. மின்சாரம் நின்றாலும் இயங்குவதற்காக, அழுத்திய ஹைட்ராலிக் எண்ணெயை உருளைகளில் சேமித்து வைத்திருப்பார்கள். 1922இல் ஹூஸ்டனில் ஆபர்கிராம்பியும் கேமரனும் வடிவமைத்த தாடை முறையே இன்றுவரை அடிப்படை.

ஆனால் அது இரண்டாவது தடுப்பு. முதல் தடுப்பு எப்போதும் சேற்றுத் தம்பம்தான். ஒரு தடுப்பை அகற்றுவதற்கு முன் அதன் இடத்தில் இன்னொன்று உறுதியாக இருக்கிறதா என்று சோதித்தாக வேண்டும் என்பதே இத்தொழிலின் முதல் விதி.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில் நடந்ததை இந்த விதியின் கண்ணோடு பாருங்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழக் கடலில், டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் ரிக் துளையிட்டு முடித்து, கிணற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டுக் கிளம்பவிருந்தது. கடைசி உறைக்குழாய்க்கு 21 சென்ட்ரலைசர்கள் தேவை என்று கணக்குக் காட்டியது. ஆறு மட்டுமே மாட்டப்பட்டன. நைட்ரஜன் நுரை கலந்த சிமென்ட் பயன்படுத்தப்பட்டது. அது அடியில் அடுக்கை அடைக்கவில்லை. அடுத்து, கிணற்றில் இருந்த சுமார் 1.7 அடர்த்திச் சேற்றைக் கடற்படுகைக்குக் கீழே ஆயிரம் மீட்டர் வரை அகற்றிவிட்டு, 1.03 அடர்த்தி உள்ள கடல்நீரை நிரப்பத் திட்டமிட்டார்கள். நம் கணக்குப்படி இது அடிமட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ 170 கிலோவைக் குறைப்பது. குறைப்பதில் தவறில்லை, சிமென்ட் தாங்கும் என்று தெரிந்தால்.

தெரிந்துகொள்வதற்காகத்தான் எதிர்மறை அழுத்தச் சோதனை செய்தார்கள். மேலே அழுத்தத்தை இறக்கிவிட்டு, அது மறுபடி ஏறுகிறதா என்று பார்ப்பதே அந்தச் சோதனை. டிரில் பைப் மானியில் அழுத்தம் 1,400 பிஎஸ்ஐ, அதாவது 98 கிலோ அளவுக்கு ஏறி நின்றது. இன்னொரு குழாயில் பூஜ்யம். இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை; ஒன்றில் 98, மற்றொன்றில் பூஜ்யம் என்பது ஏதோ அடைபட்டிருக்கிறது என்பதையே காட்டும். ஆனால் அந்த 98க்கு ஒரு விளக்கம் சொல்லப்பட்டது, பூஜ்யம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சோதனை வெற்றி என்று முடிவு செய்து, சேற்றை அகற்றத் தொடங்கினார்கள். தொட்டிகளுக்கிடையே சேற்றை மாற்றிக்கொண்டிருந்ததால், கூடுதலாக வந்த சேறும் கண்ணில் படவில்லை. எரிவாயு ரிக்கை அடைந்து வெடித்ததில் 11 பேர் இறந்தார்கள். வெட்டும் தாடை மூடியபோது, வளைந்துபோன குழாய் தாடையின் ஓரத்தில் சிக்கியிருந்ததால் துளை அடைபடவில்லை. 87 நாள்கள் எண்ணெய் கடலில் கலந்தது.

நம் நாட்டில் 1995 ஜனவரி 8 அன்று கோதாவரிப் படுகையின் பாசர்லபூடியில் பற்றிய தீ 65 நாள்கள் எரிந்தது. அசாமின் பாக்ஜானில் 2020இல், ஏற்கெனவே உற்பத்தியில் இருந்த கிணற்றைப் பராமரிக்கும் பணியின்போது எரிவாயு பீறிட்டது; உறுதிசெய்யப்பட்ட இரண்டாவது தடுப்பு இல்லாமல் பிஓபி கழற்றப்பட்டது என்பது முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது. கருவி பழுதாகி நடக்கும் விபத்துகளைவிட, எண்ணைப் பார்த்தும் அதை நம்ப மறுத்ததால் நடந்தவையே அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓரிடத்தில் துளையிட்டுப் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள எண்ணெயை எடுக்கிறார்களாமே? பிட் எங்கே போகிறது என்று மேலே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? – கல்லூரி மாணவர், கோவை

பிட்டுக்கு மேலே சற்று வளைந்த உடலைக் கொண்ட மோட்டார் ஒன்றைப் பொருத்துகிறார்கள். சேற்றின் ஓட்டமே அதைச் சுழற்றும். மேலிருந்து குழாய் சுழலாமல் நிற்க, பிட் மட்டும் சுழன்றால், வளைவு நோக்கும் திசையில் துளை திரும்பும். 30 மீட்டருக்கு இரண்டு மூன்று பாகை என்ற மெதுவான திருப்பம். எஃகுக் குழாய் அவ்வளவு வளைவுக்கு இடம்கொடுக்கும்.

திசையைச் சொல்லும் கருவிகள் பிட்டுக்குச் சற்று மேலே இருக்கின்றன. கம்பி இல்லாமல் அவை செய்தி அனுப்பும் விதம் எனக்கு இன்றும் பிடித்தமானது. கருவியிலுள்ள சிறு வால்வு சேற்றின் ஓட்டத்தைக் கணநேரம் தடுக்க, ஓர் அழுத்தத் துடிப்பு சேற்றுத் தம்பம் வழியே மேலே வருகிறது; துடிப்புகளின் வரிசையைக் கணினி சாய்வாகவும் திசையாகவும் மொழிபெயர்க்கிறது. இதைக்கொண்டு ரஷ்யாவின் சகாலின் தீவில் 2011இல் 12,345 மீட்டர் நீளமுள்ள கிணறு ஒன்றைத் துளையிட்டார்கள். அதில் 11,475 மீட்டர் பக்கவாட்டுத் தொலைவு. கரையிலிருந்து கொண்டே கடலுக்கடியில் உள்ள எண்ணெயைத் தொட்டார்கள். அதே அளவு ஆழத்துக்கு நேர்கீழாகப் போவது வேறு கதை. கோலா தீபகற்பத்தில் சோவியத் அறிவியலாளர் 1970இல் தொடங்கிய ஆராய்ச்சித் துளை 12,262 மீட்டரில் நின்றதற்கு, அங்கே எதிர்பார்த்த 100 பாகைக்குப் பதிலாக 180 பாகை செல்சியஸ் வெப்பம் இருந்தது முக்கியக் காரணம்.

எங்கள் வயலுக்கு அருகில் ஒரு கிணறு இருக்கிறது. எங்கள் நிலத்தடி நீர் கெட்டுப்போகுமா? எண்ணெய் தீர்ந்த பிறகு அந்தக் கிணற்றை என்ன செய்வார்கள்? – விவசாயி, திருவாரூர் மாவட்டம்

இக்கேள்விக்குக் கெடும் என்றோ கெடாது என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவரை நீங்கள் நம்ப வேண்டாம். நீங்கள் இறைக்கும் நன்னீர் அடுக்குகளுக்கும் எண்ணெய் அடுக்குக்கும் இடையே பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் பாறை இருக்கிறது. அந்தப் பாறையினூடே எண்ணெய் தானாக மேலே வராது. வருவதற்குரிய ஒரே குறுக்குவழி, மனிதர்கள் போட்ட துளை. ஆகவே எல்லாம் அந்தத் துளையைச் சுற்றியுள்ள சிமென்டைப் பொறுத்தது. நன்னீர் அடுக்குகள் முழுவதையும் தாண்டி மேற்புற உறைக்குழாய் இறங்கியிருக்க வேண்டும். அதன் வெளிப்புறச் சிமென்ட் தரைமட்டம் வரை வந்திருக்க வேண்டும். சிமென்ட் இடும் நாளில் இது கண்ணுக்கே தெரியும்: வளைய இடைவெளியிலிருந்து முதலில் சேறு வரும், பிறகு நிறம் மாறிச் சாம்பல் நிறக் கூழ் வரும். வராவிட்டால் மேலிருந்து ஒரு சிறு குழாயை இறக்கி மீதியை நிரப்ப வேண்டும். கீழுள்ள உறைக்குழாய்களின் சிமென்ட் ஒட்டியிருக்கிறதா என்பதை ஒலி அலைக் கருவி இறக்கிப் பதிவு செய்கிறார்கள். அதற்குச் சிமென்ட் பிணைப்புப் பதிவு என்று பெயர். உங்கள் கூட்டங்களில் அதிகாரிகளிடம் பொதுவான உறுதிமொழிகளைக் கேட்பதைவிட, மேற்புற உறைக்குழாய் எத்தனை மீட்டர் இறங்கியிருக்கிறது, சிமென்ட் மேலே வந்ததா, பிணைப்புப் பதிவு என்ன காட்டியது என்ற மூன்றையும் கேளுங்கள்.

கிணறு வேறு, அதிலிருந்து எண்ணெயைக் கொண்டுசெல்லும் குழாய் வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2017இல் கதிராமங்கலத்தில் கசிந்தது வயல் வழியே செல்லும் எண்ணெய்க் குழாய். தரைக்கடியில் ஓரிரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் எஃகுக் குழாய் அரித்துப்போவதற்கும், மூவாயிரம் மீட்டர்க் கிணற்றின் பொறியியலுக்கும் தொடர்பு குறைவு. ஆனால் வயலுக்கு உரியவருக்கு இரண்டும் ஒரே இழப்புதான். மேற்பார்வையும் இரண்டுக்கும் வேண்டும்.

எண்ணெய் தீர்ந்த கிணற்றைக் கைவிடுவதற்கும் முறை உண்டு. எண்ணெய் அடுக்குக்கு எதிரே சிமென்ட் அடைப்பு, உறைக்குழாய் முடியும் இடங்களில் அடைப்பு, மேற்பரப்புக்கு அருகில் மற்றோர் அடைப்பு என்று இட்டு, ஒவ்வொன்றின் மீதும் எடையை ஊன்றியும் அழுத்தம் கொடுத்தும் சோதித்து, இடைவெளிகளைச் சேற்றால் நிரப்பி, தரைக்குக் கீழே குழாயை வெட்டித் தகடு வைத்து மூடுகிறார்கள். வருமானம் நின்ற பிறகு செய்ய வேண்டிய செலவு என்பதால், உலகெங்கும் இது தள்ளிப்போடப்படுகிறது. அமெரிக்காவில் உரியவர் யாரென்றே தெரியாத கைவிடப்பட்ட கிணறுகளை அரசுப் பணத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வயலுக்கு அருகில் உள்ள கிணறு உற்பத்தி நின்று சும்மா கிடக்கிறது என்றால், அது தற்காலிகமாக மூடப்பட்டதா, நிரந்தரமாக அடைக்கப்பட்டதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்னதில் தரைக்கு மேல் வால்வுத் தொகுதி நின்றுகொண்டிருக்கும். அதன் மானிகளை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார்கள் என்பதையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்கலாம்.